தலையணைக்குள் உரல் சத்தம்

ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும், தலையணைக்குள் யாரோ உரல் இடிப்பது போலக் கேட்கும். மாடிப்படி ஏறினால் இதயம் தொண்டை வரை வந்து துடிக்கும். கேஸ் என்று நானே முடிவு கட்டி இரண்டு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தேன்.

ஈ.சி.ஜி., 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனை, தைராய்டு எல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 8.4. மாதவிலக்கில் அதிகம் போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டதன் பலன். ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால் இதயம் ஓடி ஓடித்தானே ஈடுகட்டும்! (மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்திருந்தால் இவ்வளவு நிதானம் கூடாது, நேரே எமர்ஜென்சிதான்.)

டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நான் காலைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 8.6. “காபி இரும்பை உடம்பில் சேரவிடாதும்மா” என்றார். அப்புறம் மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு, காபி இரண்டு மணி நேரம் தள்ளி. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் இரண்டானது. முதல் நான்கு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. கூடவே முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்த் துவையல், பதினோரு மணிக்குள் தூக்கம்.

நான்காவது மாதம் 11.9. மாத்திரை இன்னும் ஓடுகிறது. படுத்தால் இப்போது ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. அதற்கும் எண்ணெய் விட வேண்டும்.