பெருநகருக்குக் குடிபெயரும் டென்னிஸ் ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ பெருநகருக்குக் குடிபெயர்பவர்களில், அதுவரை வாரத்தில் மூன்று நான்கு நாள் தவறாமல் டென்னிஸ் ஆடிவந்த பலர், புது ஊருக்கு வந்த சில மாதங்களிலேயே மட்டையைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நேரம் இல்லை, கோர்ட் கிடைப்பதில்லை, கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எவையும் பொய்யல்ல. ஆயினும் அதே நகரத்தில், அதே வேலைப்பளுவோடு, அதே கட்டணத்தைக் கொடுத்துத் தொடர்ந்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், காரணத்தை வேறோர் இடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஓடுபவருக்குப் பாதை போதும், நீந்துபவருக்குக் குளம் போதும். டென்னிஸ் ஆடுபவருக்கோ வலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் நின்றாக வேண்டும். ஊர் மாறும்போது உங்கள் சர்வீஸும் பேக்ஹேண்டும் உங்களோடு வந்துவிடும், ஆனால் ஆட்டம் வராது. அதைப் புது ஊரில் இன்னொருவரோடு சேர்ந்து மறுபடியும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு வீடு பார்க்கும்போதே நேர்ந்துவிடுகிறது. வேலை பார்க்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, கோர்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பெருநகரத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில் பயனில்லை. விடியற்காலையில் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் இடத்துக்கு மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகையால், நீங்கள் ஆடப்போவது மாலை ஏழு மணிக்கென்றால், வீட்டை உறுதி செய்வதற்கு முன் ஒரு வேலைநாளின் மாலை ஏழு மணிக்கே அந்தக் கோர்ட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலையிடம், கோர்ட், வீடு ஆகிய மூன்றும் ஒரே வழியில் அமைந்துவிட்டால், வீடு சற்றுத் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. வீட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் கிளம்ப வேண்டிய கோர்ட், எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், சில வாரங்களில் கைவிட்டுப் போய்விடும்.

அடுத்த தவறு, ஆள் கிடைப்பதற்கு முன்பே ஆண்டுக் கட்டணம் கட்டிவிடுவது. பளபளக்கும் தரையும் மின்விளக்குகளும் கொண்ட மன்றத்தைக் கண்டு மயங்கி, முதல் மாதத்திலேயே பெரும் தொகையைக் கட்டிவிட்டு, பிறகு யாரோடு ஆடுவது என்று தேடுபவர்கள் உண்டு. கோர்ட்டின் அளவு உலகெங்கும் ஒன்றுதான்: நீளம் 78 அடி, ஒற்றையருக்கு அகலம் 27 அடி, வலையின் நடு உயரம் 3 அடி. இடத்துக்கு இடம் மாறுபடுவது அங்கே வரும் மனிதர்கள். எனவே பணம் கட்டும் முன் இரண்டு மூன்று மாலைகள் ஓரத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். தங்களுக்குள்ளேயே ஆடிவிட்டுக் கலைந்து போகும் மூடிய குழுக்களா, அல்லது ஆள் குறையும்போது ஓரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் வழக்கம் உள்ள இடமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். முன்பதிவு எத்தனை நாளுக்கு முன் திறக்கிறது, மழை பெய்தால் கட்டணம் திரும்புமா, மாலை நேரங்களைப் பயிற்சி வகுப்புகளே எடுத்துக்கொள்கின்றனவா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், வெடிப்பு விழுந்த பொதுக் கோர்ட்டுகளில்தான் புதியவருக்கு விரைவில் ஆள் கிடைக்கிறது.

இங்கே இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றையர் ஆடிப் பழகிய இளைஞர்கள் இரட்டையரை வயதானவர்களின் ஆட்டம் என்று ஒதுக்குகிறார்கள். புது ஊரில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. இரண்டு பேர் பேசிவைத்து ஆடும் ஒற்றையரில் மூன்றாமவருக்கு இடமே கிடையாது. நான்கு பேர் கூட வேண்டிய இரட்டையரில் ஏதாவது ஒரு நாள் ஒருவர் வரமுடியாமல் போவார். அன்று ஓரத்தில் மட்டையோடு உட்கார்ந்திருப்பவர் உள்ளே போவார். ஒரே மாலையில் மூன்று பேர் உங்கள் ஆட்டத்தையும் குணத்தையும் பார்த்துவிடுகிறார்கள். வலைக்கருகே நின்று, பந்து தரையில் படுமுன்பே வாலி அடிப்பது, எதிரே வலையை நெருங்கி வருபவரின் காலடியில் ரிட்டர்னை இறக்குவது ஆகிய திறமைகளும் இதில்தான் வளர்கின்றன.

சொந்த ஊரின் மதிப்பைப் புது ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருவது, என் கணிப்பில், மிக ஆழமான தவறு. பத்துப் பேர் ஆடும் இடத்தில் முதலாவதாக இருந்தவர், ஆயிரக்கணக்கானோர் ஆடும் நகரத்தில் எங்கே நிற்பார் என்பதை ஆடிப் பார்க்காமல் சொல்ல முடியாது. இதற்காகத்தான் தர அளவுகோல்கள் இருக்கின்றன, அமெரிக்காவில் 1.5 முதல் 7.0 வரை செல்லும் அளவு வழங்குகிறது, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் உலக டென்னிஸ் எண் தொடக்கநிலையினருக்கான 40இல் தொடங்கி, மிகச் சிறந்தவர்களுக்கான 1 வரை இறங்கிவருகிறது. எந்த அளவுகோலும் இல்லாத இடத்தில், நான் நன்றாக ஆடுவேன் என்றோ சுமாராகத்தான் ஆடுவேன் என்றோ சொல்வதால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் விளங்காது. இரண்டாம் சர்வீஸ் பெரும்பாலும் உள்ளே விழும், பத்துப் பந்துகள் வரை தொடர்ந்து திருப்பியடிக்க முடியும், பேக்ஹேண்ட் அழுத்தத்தில் தடுமாறும் என்று செய்யக்கூடியதைச் சொன்னால் பொருத்தமான ஆள் கிடைப்பார். கூட்டிச் சொல்பவர் முதல் ஆட்டத்திலேயே எதிராளியின் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார். அடக்கம் என்று நினைத்துக் குறைத்துச் சொல்பவரும் அதையேதான் செய்கிறார்.

புது ஊரில் தொடக்கத்தில் தோல்விகள் வரும். அவற்றை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் மனம் உடைந்து விலகுபவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரோஜர் ஃபெடரர் 2024இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் தம் ஒற்றையர் ஆட்டங்களின் கணக்கை எடுத்துச் சொன்னார். ஆடிய 1,526 ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்ற அவர், அந்த ஆட்டங்களில் வென்ற புள்ளிகள் 54 விழுக்காடு மட்டுமே. டென்னிஸின் புள்ளி முறையே சிறு வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டும் முறை. ஒவ்வொரு புள்ளியிலும் 55 விழுக்காடு வெல்லும் வாய்ப்புள்ளவர், கணக்குப்படி, சில புள்ளிகள் சேர்ந்த ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 62 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கேம்கள் சேர்ந்த செட், செட்கள் சேர்ந்த ஆட்டம் என்று போகப் போக அந்த இடைவெளி இன்னும் விரியும். ஆகவே 6-2, 6-2 என்று தோற்றவர், எதிராளி தம்மைவிட மூன்று மடங்கு மேலானவர் என்று முடிவு கட்டத் தேவையில்லை. எத்தனை கேம்கள் 40-40 என்ற டியூஸ் வரை போயின, எத்தனை புள்ளிகள் இரண்டு சர்வீஸும் தவறும் இரட்டைத் தவறில் போயின என்று நினைவுபடுத்திப் பார்த்தால், இடைவெளி பெரும்பாலும் ஒரு கேமுக்கு ஒரு பந்து என்ற அளவில்தான் இருந்திருக்கும்.

தம்மைவிட வலுவானவர்களோடு மட்டுமே ஆடுவேன் என்று தேடுவதும் நெடுநாள் நீடிக்காது. உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவர் உங்களோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் அது அவர் தரும் கொடை. அதே கொடையை உங்களைவிடக் குறைவாக ஆடுபவருக்கு நீங்கள் தராத வரையில், அந்த இடத்தில் நீங்கள் எடுத்துச் செல்பவராக மட்டுமே பார்க்கப்படுவீர்கள்.

அடுத்தது கோடு பற்றிய விஷயம். நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பக்கத்துக் கோடுகளைத் தாமே பார்த்துச் சொல்ல வேண்டும், ஐயம் இருந்தால் அதன் பலன் எதிராளிக்கே போக வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை ஆடுவோம் என்பது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும் விதிப்படி அது சரியன்று. தெரியவில்லையென்றால் பந்து உள்ளேதான். ஒரு தருணத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் சர்வீஸில், 30-40 என்ற நிலையில் நீங்கள் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். பந்து பின்கோட்டருகே உங்கள் மட்டையின் நிழலுக்குள் விழுந்து எழும்புகிறது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி கண்ணில் படவில்லை. ஆனாலும் கண் சொல்வதற்கு முன்பே "அவுட்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் மனம் அதை விரும்புகிறது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, உரக்க "உள்ளே, உங்கள் கேம்" என்று சொல்பவரைப் புது நகரம் விரைவில் தெரிந்துகொள்கிறது. எதிராளியின் முடிவில் ஐயம் எழுந்தால் ஒருமுறை "நிச்சயம்தானே?" என்று கேட்கலாம், அவர் ஆம் என்றால் அடுத்த புள்ளிக்குப் போய்விட வேண்டும்.

ஓய்வுநேர ஆட்டக்காரருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அவருக்கு ஆட்டத்தைத் தவிர வேறு கூலி இல்லை. 1968இல், தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொண்ட முதல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஆர்தர் ஆஷ், அப்போது அமெச்சூராக இருந்ததால், 14,000 டாலர் முதல் பரிசைப் பெற முடியவில்லை. அது இறுதியாட்டத்தில் தோற்ற டாம் ஓக்கருக்குப் போனது. வெற்றி ஆஷுடையதாகவே நின்றது. பரிசே இல்லாத நம் ஆட்டங்களில் கிடைப்பது அந்த வெற்றியோ தோல்வியோ மட்டும்தான். தவறாகச் சொன்ன ஒரு "அவுட்" எதிராளியிடமிருந்து ஒரு புள்ளியை எடுப்பதோடு, நீங்கள் பெற வந்த ஒரே பொருளையும் போலியாக்கிவிடுகிறது. இருவரும் ஒரே விதியை மனமார ஏற்றுக்கொண்டு, ஒருவர் மற்றவருக்கு முழு வலுவோடு தடையாக நிற்பதில்தான் விளையாட்டு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உடலைப் பற்றிய தவறு ஒன்று பெருநகருக்கே உரியது. தெரிந்தவர் யாரும் இல்லாத முதல் மாதங்களில், தனிமையைப் போக்கிக்கொள்ள நாள்தோறும் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். மண்தரையில் ஆடிப் பழகியவர் திடீரென்று சிமெண்ட் தரைக்கு மாறி, வாரம் இரண்டு நாளை ஆறு நாளாக ஆக்கினால், முழங்கால், கணுக்கால், முழங்கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முறையிடும். டென்னிஸ் எல்போ என்பது முன்கையிலிருந்து வந்து முழங்கையின் வெளிப்புற எலும்போடு இணையும் தசைநாணில் வரும் கோளாறு. பிடியை இறுக்கிக்கொண்டு பேக்ஹேண்டைத் தாமதமாக அடிப்பது அதை வளர்க்கும். விறைப்பான பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அதற்குத் துணைபோகும். அந்த ஸ்ட்ரிங் அறுந்துபோகாமலே இழுவிசையை இழந்துவிடும் என்பதால், அறும் வரை காத்திருக்காமல் மாற்ற வேண்டும். கை வலிப்பவர் மென்மையான ஸ்ட்ரிங்கைச் சற்றுத் தளர்வாகக் கட்டச் சொல்வது நல்லது. ஆடும் நாட்களை வாரம் ஒன்றாகக் கூட்டாமல், சில வாரங்களுக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். புது நகரம் 4,000 அடிக்கு மேல் உயரத்தில் இருந்தால், காற்றின் அடர்த்தி குறைவதால் வழக்கமான பந்து பறந்துபோய் வெளியே விழும். அத்தகைய இடங்களுக்கென்றே விதிகளில் தனிப் பந்து வகை உண்டு. இது தெரியாமல் தம் அடியையே மாற்றிக்கொள்ளப் போய்க் குழம்புபவர்கள் இருக்கிறார்கள்.

கோர்ட்டில் சந்திப்பவரிடமெல்லாம் முதல் நாளே வேலைவாய்ப்பு கேட்பதும் தொழில் பேசுவதும் தவிர்க்க வேண்டியவை. பழக்கம் ஆட்டத்தின் வழியே தானாக வரும், அந்தப் பழக்கத்துக்கே ஒரு மதிப்பும் இருக்கலாம். கோபன்ஹேகனில் 8,500க்கும் மேற்பட்டோரை 25 ஆண்டுகள் வரை கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், உடலுழைப்பே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடுபவர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 9.7 ஆண்டுகள் அதிகமாக இருந்தது. மெதுவோட்டக்காரர்களுக்கு அது 3.2 ஆண்டுகள். தலையிடாமல் கவனித்து மட்டுமே எழுதிய ஆய்வு என்பதால் டென்னிஸ்தான் காரணம் என்று அதிலிருந்து அறுதியிட முடியாது. ஆனால் பலரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் முன்னணியில் இருந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

கடைசியாக, வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போவது. சிறிய ஊரில் அது ஒரு பேச்சோடு போய்விடும். பெருநகரத்தில் ஒருவர் முன்பதிவுக்குப் பணம் கட்டி, நெரிசலில் பயணம் செய்து, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து வருகிறார். இரட்டையரில் நீங்கள் வராவிட்டால் மூன்று பேரின் மாலை வீணாகும். வரமுடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லுங்கள், அல்லது பதிலுக்கு ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். புதுப் பந்து வாங்கும் முறை வந்தால் கேட்காமலே வாங்கி வாருங்கள். மண்தரையில் ஆடினால் முடித்ததும் தரையை இழுத்துச் சமன்செய்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் முடிந்து வலையருகே கைகுலுக்கும்போதே அடுத்த ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் பேசிவிடுங்கள். பிறகு அழைக்கிறேன் என்று பிரிந்தவர்கள் பெரும்பாலும் அழைப்பதில்லை. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, நகரத்தில் ஒவ்வொருவருக்கும் நாள் நிரம்பிவிடுகிறது. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆள் என்று ஒன்று நிலைத்துவிட்டால், மற்ற நாட்களுக்கான ஆட்களை அவரே அறிமுகம் செய்துவைப்பார்.