ஓராள் நாடகம்: காவலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

வசனம் மறப்பது, குரல் கடைசி வரிசைக்கு எட்டாதது போன்ற தவறுகளை ஒத்திகை பார்க்க வரும் எந்த நண்பரும் சொல்லிவிடுவார். அவர் கண்ணில் படாதவற்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

யாரிடம் பேசுகிறீர்கள்?

இன்றைய சமூகத்தைப் பேசும் புது ஓராள் நாடகங்களில் அலுக்காமல் வரும் காட்சி இது. உணவு டெலிவரி செய்யும் பையன் அடுக்குமாடி வாசலில் நிற்கிறான். காவலாளி லிஃப்டில் போகக்கூடாது என்கிறார். மேடையில் இருப்பது ஒரே ஆள் என்பதால் நடிகர் இப்படிப் பேசுகிறார்:

"என்னண்ணே, லிஃப்ட்ல போகக்கூடாதா? படியேறித்தான் போகணுமா? ஏழாவது மாடிண்ணே!"

முதல் வரியில் பார்வை இடப்பக்கம் ஆளுயரத்தில் இருக்கிறது. இரண்டாவது வரியில் அது கூரைக்குப் போகிறது. மூன்றாவதை நம்மைப் பார்த்துச் சொல்கிறார். அதற்குள் காவலாளி கரைந்துபோகிறார். அவமானப்படுத்த ஆளில்லாமல் அவமானம் எப்படி வரும்? அந்தக் குறையை ஈடுகட்ட நடிகர் கத்தத் தொடங்குகிறார். மிச்ச நேரம் முழுக்க மேடைப் பேச்சுதான்.

எதிராளியின் பதிலைத் தானே திருப்பிச் சொல்வது பழைய உத்தி. சமஸ்கிருத பாண நாடகத்தில் ஒரே நடிகர் வெற்றிடத்தைப் பார்த்து "என்ன சொல்கிறாய்?" என்று கேட்டு, பதிலையும் தானே சொல்வார். அதற்கு ஆகாசபாஷிதம் என்று பெயர். அதைத் தெரிந்து எடுத்தாள்வது வேறு, வேறு வழி தெரியாமல் அதில் போய் விழுவது வேறு. நம் வில்லுப்பாட்டில் 'ஆமா' போடப் பக்கத்தில் ஆள் உண்டு. கூத்தில் வேஷத்தைக் கேள்வி கேட்கக் கட்டியக்காரன் நிற்கிறான். ஓராள் நாடகத்தில் அந்த ஆளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

காவலாளியின் வசனத்தையும் முழுதாக எழுதுங்கள், வேறு நிற மையில். முதல் வாரம் ஒரு நண்பரை உட்காரவைத்து அதைப் பேசச் சொல்லுங்கள். அடுத்த சில நாள் அவர் வாய் திறக்காமல் உட்காரட்டும். பிறகு அவரை அனுப்பிவிட்டு, அவர் கண் இருந்த உயரத்தில் ஒரு கம்பில் டேப் ஒட்டுங்கள். கடைசியில் கம்பையும் எடுத்துவிடலாம். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அதற்குள் உங்கள் உடம்பில் ஏறியிருக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கும். கெஞ்சுகிற பையன் நிற்கிறான், குனிந்து பார்க்கிறான். தடுக்கிறவர் எழுந்திருக்கக்கூட இல்லை. காட்சியே அதுதான். இப்போது வசனத்தில் முதல் இரண்டு கேள்விகளையும் அடித்துவிடுங்கள். 3 விநாடி மௌனம், பிறகு "ஏழாவது மாடிண்ணே." காவலாளி சொன்னது பார்வையாளர் காதில் தானாக விழும்.

அவரை மேடையின் ஓரத்தில் வைக்காதீர்கள். உங்கள் முகம் பக்கவாட்டில் திரும்பி, பாதிப்பேருக்குக் கண்ணே தெரியாது. பார்வையாளர் பக்கமாக, நடுவிலிருந்து சற்றே இடதுபுறம் வையுங்கள். காவலாளியையும் நீங்களே நடித்தால், அவர் அதே அளவு வலப்பக்கம் பார்க்க வேண்டும். கடைசிவரை இது மாறக்கூடாது. கிழவருக்கு இருமல், பெண்ணுக்குக் கீச்சுக்குரல் என்று போனால் டிவி மிமிக்ரி ஆகிவிடும். கேரளத்தின் சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்தில், பகர்ந்நாட்டம் என்ற உத்தியில் ஒரே வேஷத்தில் இருந்தபடி நடிகர் பல பாத்திரங்களுக்கு மாறுவதைப் பாருங்கள். முதுகெலும்பும் பார்வையும் மாறினாலே ஆள் மாறிவிடுகிறது.

எரிச்சலான விஷயம், எதிராளி இல்லாத இந்தக் குறை பெரும்பாலும் அரங்கில் விளக்கு, ஒலியோடு நடக்கும் டெக்னிக்கல் ஒத்திகையில்தான் பிடிபடுகிறது. வாடகை கட்டியாகிவிட்டது. விளக்குகளைக் குறிபார்த்துக் கட்டியாகிவிட்டது. அப்போது ஆளை இடம் மாற்றினால் ஸ்பாட் காலியிடத்தில் விழும். வசனத்தை வெட்டினால் 50 நிமிட நாடகம் 35 ஆகும், விளக்கும் ஒலியும் எந்த வசனத்தில் மாற வேண்டும் என்று குறித்த கியூ தாள் மொத்தமும் குப்பை.

புரொஜெக்டர்

வேண்டாம்.

காட்சிக்குக் காட்சி இருட்டு

5 விநாடி இருட்டில் நாலு செல்போன் ஒளிரும். சட்டையை மாற்றுவதென்றால் வெளிச்சத்திலேயே மாற்றுங்கள்.

அடுத்தவர் வாழ்க்கை

தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவுசெய்து, அதை அப்படியே மேடையேற்றுகிறார்கள். பெயரை மாற்றியதே போதும் என்ற நினைப்பு. தெரு, ஒப்பந்தக்காரர், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அப்படியே இருந்தால் மேஸ்திரிக்கு யாரென்று தெரியாதா? வேலை போவது உங்களுக்கல்ல. பிரதி முடிந்ததும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்ல, அரங்கேற்றத்துக்கு மூன்று வாரமாவது மிச்சம் இருக்கட்டும். உங்கள் நாக்கில் இல்லாத பேச்சுவழக்கைப் போலிசெய்யாதீர்கள். எந்தச் சோகக் காட்சியிலும் முதல் சிரிப்பு அங்கேதான் எழும்.

பயந்து வெட்டுவது

எல்லா நாடகப் பிரதிக்கும் போலீஸ் அனுமதி வேண்டும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டு, வசனத்தைத் தாங்களே கத்தரிக்கிறார்கள். அதற்கு வழிசெய்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றுவிட்டது. தெருவிலோ பூங்காவிலோ கூட்டம் கூட்டுவதற்கான அனுமதி தனி விஷயம். அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

கடைசிப் பக்கம்

நடிகர் முன்னால் வந்து, "இப்போது சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும் பக்கம். கிழித்துவிடுங்கள். பையன் ஆறாவது மாடிப் படியில் மூச்சு வாங்கும்போது விளக்கை அணைக்கலாம்.