பீரோவும் காலண்டரும் இருக்கிற கூடத்தில் ஒத்திகையைப் படமெடுப்பது

நவம்பர் பிறந்துவிட்டால் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் எத்தனையோ வீட்டுக் கூடங்களிலிருந்து சாயங்காலம் மிருதங்கச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சென்னையின் டிசம்பர் கச்சேரி சீசனுக்கான ஒத்திகை. அங்கே படமெடுக்க யாராவது கூப்பிட்டால் கண்டிப்பாகப் போங்கள், மேடையில் பார்க்க முடியாத முகங்களை அங்கே பார்க்கலாம். என்ன, உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். பாடுகிறவருக்குப் பின்னால் இரும்பு பீரோ, அதன் மேல் இரண்டு சூட்கேஸ், பக்கத்தில் காலண்டர், சுவிட்ச் போர்டிலிருந்து தொங்கும் சார்ஜர், ஜன்னல் கம்பியில் காயப் போட்ட துண்டு. இதையெல்லாம் எப்படி மறைப்பது என்றுதான் புதிதாக எடுக்கிறவர்கள் கேட்கிறார்கள். இவற்றில் எது இந்தப் பாடகரோடு சேர்ந்தது, எது சும்மா இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லென்ஸை முழுக்கத் திறந்து பின்னணியை மங்கலாக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பாட்டு ஒத்திகை முழுவதையும் 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து, அதாவது துளையை முழுக்கத் திறந்து, எடுத்துவிட்டு வந்து பார்த்தால், முகம் கூர்மையாக இருந்தது, தாளம் போடுகிற கை கரைந்து போயிருந்தது, பின்னால் இருந்த டியூப்லைட் இன்னும் தடித்த வெள்ளைப் பட்டையாகி முகத்தோடு போட்டி போட்டது. கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் அந்த அமைப்புக்கு முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 17 செ.மீ.தான். துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் 38 செ.மீ. வரை வரும், முகமும் கையும் சேர்ந்து நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மங்கல் என்பது கோடுகளைத்தான் அழிக்கும். வெளிச்சத்தையும் நிறத்தையும் அழிக்காது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி எவ்வளவு மங்கினாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

அதனால் முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், பகல் வெளிச்சம் இருந்தால், டியூப்லைட்டை அணைத்துவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பாடுகிறவரை ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் தூரம் போகப் போக வேகமாகக் குறையும், ஆகவே முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்சுவரும் பீரோவும் தானாக இருட்டுக்குள் போய்விடும். நான் கேட்பது இந்த இரண்டு உதவியை மட்டும்தான். சாமான்களை நகர்த்தச் சொல்ல மாட்டேன். அது அவர்கள் வீடு, ஒத்திகைக்கு வந்த இடத்தில் அலமாரியை இழுத்துக்கொண்டிருந்தால் பாட வந்தவருக்கும் மனம் கலைந்துவிடும்.

அடுத்தது உயரம். வாத்தியக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் உங்கள் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பின்னணியைத் தீர்மானிக்கும். நீங்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்தால் எதிர்ச்சுவர் முழுக்க வரும். தரையோடு தரையாகக் குனிந்தால் மின்விசிறி தலைக்கு மேல் முளைக்கும். எழுந்து நின்று கொஞ்சம் கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி ஜமுக்காளம் ஆகிவிடும், அதைவிடச் சுத்தமான பின்னணி அந்த அறையில் கிடையாது. ஒரு ஸ்டூல் கிடைத்தால் அதன் மேல் ஏறி நின்று, வட்டமாக உட்கார்ந்திருக்கும் நால்வரையும் ஜமுக்காளக் கோடுகளின் மேல் எடுத்துப் பாருங்கள். நடுவில் சுருதிப் பெட்டி, திறந்த நோட்டு, காபி டம்ளர். இவையெல்லாம் ஒத்திகையின் சொத்து, படத்தில் இருக்கட்டும். மூலையில் கிடக்கும் ஹெல்மெட்டும் பையும் வேண்டாம், ஃபிரேமின் ஓரத்தை அரையடி உள்ளே கொண்டு வந்தால் அவை போய்விடும்.

அப்புறம் கால். சுவிட்ச் போர்டு காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மைக் ஸ்டாண்டு தலையிலிருந்து கொம்பு மாதிரி வளர்கிறதா, வயலின் வில் பாடகரின் வாயைக் குறுக்கே வெட்டுகிறதா என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். அரை எட்டு இடதுபக்கம் நகர்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முகத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் காலி இடம் இருந்தால் போதும், மற்ற இடத்தில் எத்தனை சாமான் இருந்தாலும் பார்க்கிறவர் கண் முகத்துக்கு வந்துவிடும். எங்கே நகர்ந்தும் பீரோ போகவில்லையா? முன்னால் இருக்கும் ஒருவரின் தோளை எடுத்து அதன் மேல் போடுங்கள். கடத்தின் வளைவு, கதவின் நிலை, வீணையின் யாளி முகம், எதுவானாலும் சரி, முன்னால் கருப்பாக நிற்கும் ஒரு வடிவம் பின்னால் இருக்கும் குப்பையை மறைத்து, அறைக்குள் நாமும் உட்கார்ந்திருக்கிற உணர்வையும் கொடுக்கும்.

கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் அமர்வார், வலக்கையால் வாசிப்பவராக இருந்தால் நமக்குத் தெரிவது வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம். ஒத்திகையில் சுற்றி வரலாம். மறுபக்கம் போய், இடக்கை வாசிக்கும் முகமான தொப்பியைப் படமெடுங்கள். வாசிப்பதற்கு முன் அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், ஈரமாக, விரல் தடம் தெரிய இருக்கும், தட்டித் தட்டிப் பார்த்துக் கொஞ்சம் கிள்ளி எடுப்பார்கள், திரும்ப ஒட்டுவார்கள். அந்தக் கையும் ரவையும் தோல் வார்களும் ஃபிரேமை நிரப்பினால் பின்னணி என்ற கேள்வியே எழாது. வயலினின் சுருள் முனை வாசிப்பவரின் பாதத்தில் ஊன்றி நிற்குமே, அதுவும் அப்படித்தான்.

எப்போது எடுப்பது? கோர்வை என்கிற தாளக் கணக்கு முடிந்து சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், வந்து விழும்போது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சரியாக விழுந்தால் சிரிப்பு, தவறினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. அந்தப் பார்வைக்குக் குறைந்தது இரண்டு முகமாவது ஒன்றையொன்று மறைக்காமல் தெரியும் இடத்தை முன்பே பிடித்து வைத்துக்கொண்டு, தாளத்தை நீங்களும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். தாளம் தெரியாதவர் இதற்காகவே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையாவது கற்றுக்கொள்வது நல்லது.

ஷட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு 1/125 வினாடி போதும், மிருதங்க விரல்களுக்கு 1/500 வேண்டும். விளக்கை அணைக்க முடியாத அறை என்றால் 1/100 அல்லது 1/50 வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும், வேறு வேகங்களில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். பிளாஷ் வேண்டாம். போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடைத் தொடாதீர்கள், வயலின் வில்லையும் தம்புராத் தந்திகளையும் அது பின்னணி என்று நினைத்துத் தின்றுவிடும்.

அமெரிக்காவில் புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் பதிவுகளைப் படமெடுத்தவர் ஃபிரான்சிஸ் உல்ஃப். 1959 வரை அந்தப் பதிவுகளில் பல நடந்தது நியூஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டருடைய பெற்றோரின் வீட்டுக் கூடத்தில். உல்ஃப் பிளாஷ் அடித்துப் பின்னால் இருப்பதையெல்லாம் கருப்பில் தள்ளினார், அப்புறம் வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை ஈவிரக்கமில்லாமல் வெட்டி உறைகளில் போட்டார். பிளாஷை நாம் தொடப் போவதில்லை, ஆனால் அந்த வெட்டும் துணிச்சல் நமக்கும் வேண்டும். நெற்றிக்கு மேல் காலண்டர் இருந்தால் நெற்றியோடு வெட்டுங்கள், முகம் ஒன்றும் குறைந்துவிடாது.

மெல்லிசைக் குழுக்களின் அறை வேறு மாதிரி. பல இடங்களில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், தரை முழுக்க வயர். இங்கே ஒன்றைத் தவிர்க்கவே முடியாது என்பதால் அதையே பயன்படுத்துங்கள்: முட்டை அட்டைச் சுவரை நேர் எதிரே நின்று எடுத்தால் ஒரே சீரான வடிவமாகி அடங்கிவிடும், சாய்வாக எடுத்தால்தான் கண்ணைக் குத்தும். சட்டை நிறங்களும் வயர் நிறங்களும் மோதுகிற இடத்தில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் வெள்ளை நாற்காலி அதிலும் வெள்ளைதான், அதை எடுக்கும்போதே ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒத்திகை முடிந்ததும் கேமராவை உடனே பையில் போட்டுவிடாதீர்கள். மிருதங்கக்காரர் தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, உறைக்குள் போடுவார். பாடியவர் அதே இடத்தில் உட்கார்ந்து, சரியாக வராத அந்த ஒரு வரியை வாய்க்குள் இன்னொரு முறை பாடிப் பார்ப்பார். மற்றவர்கள் எழுந்து போய்விட்டதால் அவரைச் சுற்றி ஜமுக்காளம் காலியாக இருக்கும்.