வைஃபை முழுதாக இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை: லினக்ஸில் எங்கே அறுந்தது என்று பார்ப்பது

போன மாதம் ஒரு ராத்திரி, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு மடிக்கணினியில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வைஃபை குறி முழுதாக இருந்தது. அதே வைஃபையில் அக்கா மகனின் கைப்பேசியில் யூடியூப் நன்றாக ஓடியது. காலைக்குள் அவன் அசைன்மென்ட் அனுப்பியாக வேண்டும். ரௌட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டும் பலனில்லை. அன்று கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ். கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் 'ஐபி ஏ'. பழைய பாடங்களில் 'இஃப்கான்ஃபிக்' என்றிருக்கும், அதைத் தேடி நிறுவ வேண்டாம், இதுவே போதும். 'லோ' என்ற பகுதியை விட்டுவிடுங்கள், அது கணினி தன்னோடு பேசிக்கொள்வது. வைஃபையின் பெயர் 'டபிள்யூஎல்' என்றும் கேபிளின் பெயர் 'ஈஎன்' என்றும் தொடங்கும். அதற்குக் கீழே 'ஐநெட்' என்ற வரியில் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண் இருந்தால் சரி. அந்த வரியே இல்லையென்றால் ரௌட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. கேபிள் பகுதியில் 'நோ கேரியர்' என்று வந்தால் கம்பி வழியாக எதுவும் வரவில்லை. இடி மின்னல் மழைக்குப் பிறகு இதைப் பார்த்தால், வேறு கேபிளையும் ரௌட்டரில் வேறு துளையையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து 'ஐபி ஆர்'. 'டீஃபால்ட் வியா' என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் ரௌட்டர். தாமான் (குடியிருப்பு) வாசலில் இருக்கும் காவலர் கூண்டு மாதிரி, வெளியே போகும் எல்லாமே அதைக் கடந்துதான் போக வேண்டும். எங்கள் வீட்டில் அது 192.168.1.1. 'பிங் -சி 4 192.168.1.1' என்று அடியுங்கள். '-சி 4' போடாவிட்டால் லினக்ஸில் பிங் நிற்காமல் ஓடும், கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்த வேண்டும். 1983-இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் இது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஒலிதான் பெயரானது. ஒலி போய்த் திரும்புகிறதா, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதைத்தான் இதுவும் பார்க்கிறது.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், ரௌட்டரை எட்டவே முடியவில்லை என்று பொருள். வெறும் மௌனம் என்றால் உடனே முடிவு கட்டாதீர்கள், சில ரௌட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது. மூன்றாவதாக 'பிங் -சி 4 1.1.1.1'. இந்த எண் இணையத்தில் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொது சர்வர். பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை திறந்திருக்கிறது.

எங்களுக்கு இதுவரை எல்லாம் வந்தது. நான்காவதாக எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைப் போட்டேன். 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்றது. பாதை சரி, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது.

நான் தடுமாறியது இங்கேதான். 'ஈடிசி' அடைவில் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பைத் திறந்தேன். அதில் 127.0.0.53 என்றிருந்தது. இதுதான் தப்பு என்று நினைத்து, கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 என மாற்றினேன். உடனே வேலை செய்தது, அசைன்மென்ட்டும் போனது. காலையில் கணினியைப் போட்டால் பழையபடி! அந்த 127.0.0.53 தப்பே இல்லை. அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர். கோப்பும் உண்மையில் 'ரன்' அடைவில் இருப்பதைக் காட்டும் சுட்டிதான், கணினி கிளம்பும்போதெல்லாம் புதிதாக எழுதப்படும். அதைக் கையால் திருத்தாதீர்கள்.

உண்மையான டிஎன்எஸ் எண்ணைப் பார்க்க 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடியுங்கள் (இதில் 'ரிசால்வ்' கடைசியில் ஆங்கில 'ஈ' உண்டு). எங்கள் ரௌட்டரில் பல வருடங்களுக்கு முன் யாரோ கையால் போட்ட எண் ஒன்று இருந்தது, அது இப்போது பதில் சொல்வதில்லை. கைப்பேசியில் தனி டிஎன்எஸ் வைத்திருந்ததால் அது தப்பித்தது.

திருத்துவதற்கு எனக்குப் பிடித்த வழி செட்டிங்ஸ். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸின் தானியங்கியை அணைத்து, 1.1.1.1, 8.8.8.8 என்று போடுங்கள். அப்புறம் வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். ரௌட்டரிலும் அந்தப் பழைய எண்ணை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து வரும் கணினியும் இதில்தான் மாட்டும்.

2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் சர்வருக்கே திருப்ப வேண்டும் என்று மலேசியாவில் உத்தரவு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நின்றுபோனது. அப்போது வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அக்காவே 'இதுதானா அது' என்று கேட்கிறார்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், வீட்டில் எல்லாம் சரி, மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) வைஃபையில் உள்நுழையும் பக்கமே வரவில்லை என்று எழுதினார். அவர் டிஎன்எஸ்ஸை வைஃபை இணைப்பில் போடாமல், கணினி முழுமைக்கும் பொதுவான கோப்பில் போட்டிருந்தார். கடையின் உள்நுழைவுப் பக்கம் பல இடங்களில் அந்தக் கடையின் டிஎன்எஸ் வழியாகத்தான் வரும். பொதுக் கோப்பில் போட்டதை நீக்கிவிட்டு, வீட்டு வைஃபைக்கு மட்டும் போடச் சொன்னேன். இப்போது இரண்டு இடத்திலும் ஓடுகிறது.