தேங்க்ஸ்கிவிங் அன்று நியூயார்க்கில்: கையைக் கடிக்காமல் விருந்து சாப்பிட வழி

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், அதாவது வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றி தெரிவிக்கும் பண்டிகை. 1941-இல் சட்டம் போட்டு உறுதிசெய்த தேதி. அன்றைக்கு வகுப்பு கிடையாது, அலுவலகம் கிடையாது, பல பல்கலைக்கழகங்களில் உணவுக்கூடமும் பூட்டியிருக்கும். அமெரிக்க நண்பர்கள் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். புதிதாக வந்த நம் பிள்ளைகள் பலர் அறையிலேயே நூடுல்ஸ் கிளறிச் சாப்பிட்டு அந்த நாளைக் கழிக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. நியூயார்க்கில் அன்று குறைந்த செலவிலும் நன்றாகச் சாப்பிடலாம், செலவே இல்லாமலும் சாப்பிடலாம். ஏற்பாட்டை மட்டும் புதன்கிழமை மாலைக்குள் முடித்துவிட வேண்டும்.

1. இரண்டு வாரம் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்

எல்லாவற்றிலும் நல்ல சாப்பாடு யாராவது ஒருவர் வீட்டில்தான் கிடைக்கும். பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், விருப்பமுள்ள குடும்பங்களோடு மாணவர்களைச் சேர்த்துவைக்கிறது. அக்டோபர் கடைசியிலேயே அங்கே போய் விசாரியுங்கள். உடன் வேலை செய்பவர் "வீட்டுக்கு வாயேன்" என்றால் அதை ஒப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு பண்டிகைக்கு அமெரிக்கர்கள் மனதாரத்தான் அழைக்கிறார்கள். தனியாக இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது அவர்களுக்குப் பண்டிகையின் ஒரு பகுதி. நாம்தான் கூச்சப்பட்டு "பரவாயில்லை, வேலை இருக்கிறது" என்று நழுவிவிடுகிறோம். போங்கள்.

போகும்போது "என்ன கொண்டுவரட்டும்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று எது கொண்டுபோனாலும் அந்த மேசையில் பொருந்தும். இன்னொன்று: இந்த விருந்து பல வீடுகளில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் நடக்கும். எத்தனை மணிக்கு என்று கேட்காமல் நம் வழக்கப்படி இரவு எட்டுக்குப் போனால் பாத்திரம் கழுவி முடித்திருப்பார்கள். மிச்சத்தை டப்பாவில் போட்டுத் தந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. நான்கைந்து பேர் சேர்ந்தால் நீங்களே சமைக்கலாம்

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சிக்கனம். நியூயார்க்கில் சமைக்காத மளிகைப் பொருளுக்குப் பெரும்பாலும் விற்பனை வரி கிடையாது. சூடாகத் தயாரித்து விற்கும் உணவுக்கு உண்டு. ஷாப்ரைட் போன்ற கடைகள் நவம்பரில், சில வாரங்களுக்குள் குறிப்பிட்ட தொகைக்குப் பொருள் வாங்கியவர்களுக்கு உறைந்த வான்கோழியை இலவசமாகக் கொடுப்பதுண்டு. ஒருவரால் அந்தத் தொகையைத் தொட முடியாது. வீட்டில் எல்லோரும் அந்தக் கடையின் ஒரே உறுப்பினர் அட்டையில் மளிகை வாங்கினால் தொட்டுவிடலாம்.

உறைந்த முழு வான்கோழியைப் புதன்கிழமை வாங்கிவந்து மறுநாள் சமைக்க நினைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்துப் பனி இறக்க, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். பன்னிரண்டு பவுண்டுப் பறவைக்கு மூன்று நாள். முதல்முறை சமைப்பவர்கள் உறையாத கால் துண்டுகளை மட்டும் வாங்குங்கள் என்பேன். பூண்டு, மிளகு, வெண்ணெய் தடவி 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். உள்ளே வெப்பம் 165 டிகிரி வந்துவிட்டதா என்று இறைச்சி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மசித்த உருளைக்கிழங்கு, டப்பா கிரான்பெரி சாஸ், பேக்கரியில் வாங்கிய பம்ப்கின் பை என்ற பூசணி இனிப்பு. விருந்து தயார்.

எதை மறந்தாலும் வியாழன் அன்று ஓடிப்போய் வாங்க முடியாது. வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ, டிரேடர் ஜோஸ், ஆல்டி எல்லாம் அன்று மூடியிருக்கும்.

3. ஓட்டல் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள்

அன்று திறந்திருக்கும் பல உணவகங்களில் வழக்கமான மெனு இருக்காது, ஒரே விலையில் முழு விருந்து மட்டும்தான். 30 டாலர் என்று போட்டிருந்தால் கொடுக்கப்போவது 30 இல்லை. நகரின் விற்பனை வரி 8.875 சதவீதம், அது 2 டாலர் 66 சென்ட். பரிமாறுபவருக்கு 20 சதவீத டிப்ஸ் வைத்தால் 6 டாலர். மொத்தம் 38 டாலர் 66 சென்ட், அதுவும் குடிக்க எதுவும் வாங்காமல். அன்றும் வேலைக்கு வந்திருப்பவரிடம் டிப்ஸைக் குறைக்காதீர்கள். அதற்குப் பதில் மலிவான இடத்தைத் தேடுங்கள். முன்பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் பிடிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சைவம் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள்

வான்கோழியை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மற்றதிலும் இறைச்சி இருக்கும். ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் செய்வார்கள், சில வீடுகளில் பறவையின் வயிற்றுக்குள்ளேயே வைத்து வேகவைப்பார்கள். கிரேவி, வான்கோழியிலிருந்து வடிந்த கொழுப்பில் செய்தது. பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. பம்ப்கின் பையில் முட்டை இருக்கும். அதன் மேலோட்டில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். கிரான்பெரி சாஸைப் பொதுவாக நம்பிச் சாப்பிடலாம்.

ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் ஒரு தட்டைத் தனியாக எடுத்துவைப்பார்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

5. குவீன்ஸுக்கு ரயில் ஏறுங்கள்

எதற்கும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் என் முதல் பரிந்துரை இதுதான். காலையில் மேசீஸ் என்ற பெரிய கடை நடத்தும் தேங்க்ஸ்கிவிங் ஊர்வலத்தைப் பாருங்கள். 1924-இல் தொடங்கியது, தெருவோரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம். ஊர்வலம் முடியும் இடத்தைச் சுற்றிச் சாப்பிட வேண்டாம், கூட்டமும் விலையும் அதிகம். ஹெரால்ட் சதுக்கத்தில் எஃப் ரயிலில் ஏறி, நகரின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் ஜாக்சன் ஹைட்ஸில், ரூஸ்வெல்ட் அவென்யூ நிலையத்தில் இறங்குங்கள். இந்திய, வங்காளதேச, நேபாளக் கடைகள் வரிசையாக இருக்கும். பல கடைகளுக்கு அது சாதாரண வியாழக்கிழமைதான். ஒரு தட்டு மோமோ, டீ என்று பதினைந்து டாலருக்குள் வயிறு நிறையும்.

தோசை வேண்டும் என்றால் ஃப்ளஷிங்கில் பவுன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில். 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், அடித்தளத்தில் கேன்டீன் உண்டு. விடுமுறை நாள் என்பதால் கிளம்பும் முன் போன் செய்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும், கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கையில் காசே இல்லை என்றால்

மாதக் கடைசி, வாடகை கட்டியாகிவிட்டது, கணக்கில் ஒன்றும் இல்லை என்ற நிலை மாணவர்களுக்கு வரும். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். குவீன்ஸில் ரிச்மண்ட் ஹில் பகுதியில் சீக்கியக் கோயில்களான குருத்வாராக்கள் இருக்கின்றன. அங்கே இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றி, தலையைத் துணியால் மூடி, தரையில் அமர்ந்து சாப்பிடலாம். அங்கே பரிமாறுவது சைவம் என்பதால் நான்காவது பகுதியில் சொன்ன கவலை எதுவும் வேண்டாம்.

வான்கோழி விருந்தே வேண்டும் என்றால் மன்ஹாட்டனில் ஏழைகளுக்கு உதவும் பவுரி மிஷன் இருக்கிறது. 1879 முதல் இயங்குகிறது, தேங்க்ஸ்கிவிங் சாப்பாடும் போடுகிறது. உங்கள் வீட்டுக்கு அருகில் எங்கே இலவச உணவு என்று அறிய நகரின் தகவல் எண்ணான 311-க்கு போன் செய்யுங்கள். இதுபோன்ற இடங்களில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆள் எடுப்பார்கள், ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பெயர் கொடுப்பவர்கள் அதிகம். அந்த வேலையில் சேர ஆசை இருந்தால் நவம்பர் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.