மழைக்கால ஈயக்குட்டையில் நீர்நாயைப் படமெடுப்பது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக்குட்டைகளும் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியவை) செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் ஒட்டியே கிடக்கின்றன. ஆண்டுக் கடைசி மழையில் குட்டையும் வாய்க்காலும் ததும்பும்போது நீர்நாய்கள் தோட்டத்துக்குள்ளேயே மீன் தேடி வரும். கேமராவைக் கையாளத் தெரியும், இரண்டு மூன்று பறவையாவது எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் வேலை இடம் பார்ப்பது. நீர்நாயைத் துரத்திப் போய் யாரும் நல்ல படம் எடுத்ததில்லை. கூட்டமாக வாழும் பிராணி, மலம் கழிக்க ஒரே மேட்டுக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்த மேட்டைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. இரவு மழை பெய்யாத நாளின் காலையில் வரப்பு, பாலத்தடி, மணல் திட்டு எல்லாம் பாருங்கள், மழை பெய்திருந்தால் தடயம் கரைந்து போயிருக்கும். எச்சத்தில் மீன் செதில் நிறைய இருந்தால் பெரும்பாலும் இங்குள்ள இரண்டு இனங்களில் பெரியது (smooth-coated otter), 7 முதல் 11 கிலோ வரை வளரும். நண்டு ஓட்டுத் துண்டுகளாக இருந்தால் சின்ன நகமுள்ள இனமாக (small-clawed otter) இருக்கலாம், 5 கிலோவைத் தாண்டாது, உலகத்திலேயே சிறிய நீர்நாய் அதுதான். குலை வெட்டும் அண்ணன்மார்களிடம் கேளுங்கள், அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். ஜாகாவிடமும் (காவலாளி) தோட்ட ஆபீஸிலும் சொல்லாமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள்.

சரி, உட்காருவது. காலை 7 மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும், அதற்கு முன்பே போய் எதிர்க்கரையில் அமர்ந்துவிடுங்கள். காற்று நீர்நாய் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வீசவேண்டும். முக்காலி வேண்டாம் என்பது என் கட்சி: பச்சைப் பயறு நிரப்பிய துணிப்பையை வரப்பில் வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்தினால், பிராணியின் கண் உயரத்துக்கு இறங்கிவிடலாம். பயறை உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், நனைந்தால் முளைத்துவிடும். லென்ஸுக்கு 100-400 மி.மீ. போதும், 600 மி.மீ.-ஐத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பது வீண் பாடு. பூட்ஸ் கட்டாயம், எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரிலிருந்தும் வரும்.

இனி, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம். நனைந்த நீர்நாய் கரும்பழுப்பு, சுற்றிலும் வானம் பிரதிபலிக்கும் வெள்ளைத் தண்ணீர். தானியங்கியில் விட்டால் கேமரா தண்ணீரைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும், கண்ணும் மீசையும் இல்லாத கறுப்புக் கட்டிதான் மிஞ்சும். அதே பிராணி சேற்றுக் கரையில் ஏறியதும் கேமரா நேர்மாறாக நடந்து தொண்டையின் வெளிர் ரோமத்தை வெளுத்துவிடும். இடையிடையே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ் மைனஸைத் திருகிக்கொண்டிருக்க நேரமே இருக்காது. அதனால் முழு மேனுவலுக்குப் போங்கள், ஐஎஸ்ஓவையும் சேர்த்துத்தான். நீர்நாய் நிற்கப்போகும் அதே வெளிச்சத்தில் இருக்கும் பச்சைப் புல்லைக் கேமராவின் ஒளிமானியில் அளந்து, அதிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீரில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் ரோமம் ஒரே மாதிரி விழும். மேகம் மாறினால் மட்டும் புல்லை மறுபடி அளக்கவேண்டும். ஷட்டர் நீந்தும்போது 1/1000, மீன் தின்னும்போது 1/500 போதும். ரா (RAW) கோப்பாகவே எடுங்கள்.

குட்டி இருக்கும் பொந்துக்குக் கிட்டே போகவே கூடாது. மீன் போட்டு அழைப்பதும் வேண்டாம். படத்தைப் போடுமுன் இட விவரத்தை அழித்துவிடுங்கள், குட்டிகளைப் பிடித்து வளர்ப்புக்கு விற்கிறார்கள். இந்த இரண்டு இனங்களையும் 2019-ல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்ததற்கு அந்த வியாபாரமும் ஒரு காரணம். எந்தக் குட்டை என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

பின்சேர்க்கை: படமெல்லாம் புகைபோல வருகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். லென்ஸில் கோளாறு இல்லை. ஏர்கான் அறையிலோ காரிலோ குளிர்ந்த கண்ணாடி வெளியே ஈரக்காற்றைத் தொட்டதும் பனிக்கிறது. கேமரா பையை இரவே ஏர்கான் இல்லாத இடத்தில் வையுங்கள், காரில் ஜன்னலைத் திறந்துகொண்டு போங்கள். பனித்துவிட்டால் துடைக்காதீர்கள், துடைத்தாலும் மறுபடி படியும். லென்ஸைக் கழற்றவும் கூடாது, ஈரம் உள்ளே போய்விடும். மூடியை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள், கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்ததும் தானே தெளிந்துவிடும்.