குஸ்குடன் சொல்வல்லாவுக்குப் போகும்போது

ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் பியெர்க்கே ஓடுகளம். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே கொட்டில் கூட்டப் போகத் தொடங்கியவள், இன்று ஒரு குஸ்குக்குத் துணையாக சுவீடனுக்குப் போய்வருகிறேன். சல்கி எனும் இரண்டு சக்கர வண்டியில் இருந்து குதிரையை ஓட்டுபவரை இங்கே குஸ்க் என்பார்கள். குதிரை பெருநடையில்தான் ஓட வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் உடனே பிடித்துப் பெருநடைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தகுதியிழப்பு. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு, வேகத்தை அடக்கிக்கொண்டே வேகமாக ஓடும் இந்த வித்தை விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

என்னைப் போல் குஸ்குக்குத் துணையாகப் போகும் உங்களுக்கு நான் சொல்லப் போவது எலிட்லொப்பெட் பற்றி. 1952இல் தொடங்கிய பந்தயம். மே மாதக் கடைசி ஞாயிறு, ஸ்ரொக்ஹோமின் சொல்வல்லா களத்தில். தூரம் 1609 மீற்றர். எட்டு எட்டுக் குதிரைகளாக இரண்டு தகுதிச் சுற்று. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் வந்தவை அன்றைக்கே இறுதிப் பந்தயத்தில் ஓடும். குஸ்க் ஒரே பிற்பகலில் இரண்டு தடவை உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்களுடைய வேலை.

பையை நீங்களே அடுக்குங்கள். ஹெல்மெற், உடம்புக் கவசம், சப்பாத்து, கையுறை, மழை உடுப்பு, அவருடைய நிறச்சட்டை. இங்கெல்லாம் குஸ்குக்கென்று சொந்த நிறங்கள் உண்டு, சனம் தூரத்திலிருந்தே அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். ஒரு வருடம் நாங்கள் விமானத்தில் போனோம். பை இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. வேறொருவருடைய கவசத்தை இரவல் வாங்கி, அது தோளில் இறுக இறுக அவர் ஓட்டினார். அன்றிலிருந்து ஹெல்மெற்றும் கவசமும் நிறச்சட்டையும் என் கையை விட்டுப் போவதில்லை. முடிந்தால் காரிலேயே போங்கள், ஈ18 நெடுஞ்சாலை நேரே கொண்டுபோய் விடும்.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்பு மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். மழையென்றால் சேறு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று கண்ணாடி போட்டுக்கொண்டு, அழுக்கானதை ஓட்டத்திலேயே இழுத்துக் கீழே விடுவார்கள். சுற்று முடிந்ததும் அவற்றை வாங்கி, முதலில் தண்ணீரில் மண்ணைக் கழுவி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த மண்ணோடு துடைத்தால் கீறல் விழும். வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும்போது அந்தக் கீறல் ஒன்றே போதும், பக்கத்துச் சக்கரம் எங்கே வருகிறதென்று தெரியாமல் போக.

குதிரைகள் நிற்கும் பின்பகுதியை ஸ்டால்பாக்கென் என்பார்கள். உள்ளே போக அனுமதி அட்டை வேண்டும். முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அங்கே குதிரைக்கு நீங்கள் எதுவும் ஊட்டக் கூடாது. சொக்கலேற்றில் இருக்கும் தியோபுரோமின், கோப்பியில் இருக்கும் கஃபீன், கசகசா தூவிய பணிஸ் எல்லாமே ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டக்கூடியவை. கைக்கு வலிக் களிம்பு பூசியிருந்தால் கழுவாமல் குதிரையின் மூக்கைத் தடவாதீர்கள். அன்பாகத்தான் செய்வோம், ஆனால் ஒருவருடைய பல மாத உழைப்பு அந்தத் தடவலில் போய்விடும்.

அங்கே வந்து கதை கொடுப்பவர்களிடமும் கவனம். குதிரை எப்படி இருக்கிறது, லாடம் கழற்றி வெறுங்குளம்போடு ஓடுமா என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு, பயிற்சியாளரைக் கேளுங்கள் என்று சொல்லி நகருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் மைல் கணக்கில் நேரம் சொல்வார்கள், இங்கே கிலோமீற்றர் கணக்கு. கிலோமீற்றருக்கு நம்முடைய 1 நிமிடம் 10 வினாடி, மைலுக்கு அவர்களுக்கு ஏறக்குறைய 1 நிமிடம் 53 வினாடி. சாட்டை விதியும் நாட்டுக்கு நாடு வேறு. முதல் நாள் இரவே அதை அவர் வாசித்தாரா என்று பாருங்கள்.

சரி, அந்த இடைநேரம். முதல் சுற்று முடிந்து வந்ததும் தண்ணீர், பிறகு காய்ந்த உடுப்பு. வயிற்றை நிரப்பும் சாப்பாடு வேண்டாம். நான் குடுவையில் பால்கஞ்சி கொண்டுபோவேன், உப்பு குறைவாக. நோர்வேயிலும் அரிசிப் பால்கஞ்சி உண்டு என்பதால் அவருக்கு அது புதிதில்லை. தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சொல்பவர்களுக்கு நீங்கள் பதில் எழுதலாம். சுற்றைப் பற்றி அவராகக் கேட்டால் மட்டும் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் யார் வந்தார், எந்த வளைவில் அடைபட்டார், அவ்வளவுதான். இப்படி ஓட்டியிருக்கலாம் என்று சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். இறுதிப் பந்தயத்தில் அவர் என் சொல்லையே நினைத்துக்கொண்டு ஓட்டினார் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

தோற்றால், வீடு திரும்பும் வழியில் காரை நீங்கள் ஓட்டுங்கள். மே மாத இரவு நெடுநேரம் வெளிச்சமாகவே இருக்கும். வெஸ்தெரோஸ், ஓரெப்ரூ வரை அவர் சத்தமே போடமாட்டார், நீங்களும் கதைக்காதீர்கள். கார்ல்ஸ்டாட் கிட்ட வரும்போது, கஞ்சி மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்.